மாசக் கணக்கு நிற்காது, வருஷக் கணக்கு போடுங்கள்

கேட்டவருக்கு வயது 24. சொந்த ஊர் பொன்னமராவதிப் பக்கம். காரைக்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கிளையில் வேலை. செக்காலைப் பக்கம் நண்பர் ஒருவரோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். பிஎஃப் பிடித்தம் போகக் கையில் வருவது 28,000. வீட்டுக்கு 6,000 கொடுக்கிறார், வாடகையில் அவர் பங்கு 3,500. “மூன்று ஆப் மாற்றி மாற்றி பட்ஜெட் போட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டு மாதத்துக்கு மேல் எதுவும் நிற்கவில்லை. 20 ஆம் தேதிக்கு மேல் கிரெடிட் கார்டைத்தான் தேய்க்கிறேன், அதில் 18,000 பாக்கி நிற்கிறது. சிகரெட் இல்லை, குடி இல்லை, ஊதாரியும் இல்லை. எங்கேதான் தப்பு?” என்று கேட்கிறார். பட்ஜெட் உடைந்த மாதங்களையும் வரிசையாக எழுதியிருக்கிறார்.

தம்பி, அந்த வரிசைதான் முதலில் என் கண்ணில் பட்டது. ஆவணியில் நாலைந்து விசேஷம், மொய் மட்டும் 3,500. ஐப்பசியில் தீபாவளி. மார்கழியில் பைக்குக்கு டயர், 3,000. தையில் அப்பா அம்மாவின் ஹெல்த் இன்சூரன்ஸ் 21,000. இதில் எது திடீரென்று வந்தது? தீபாவளி ஐப்பசியில்தான் வரும். ஆவணியில் முகூர்த்தம் இருக்கும். இன்சூரன்ஸ் கெடு பாலிசியிலேயே அச்சடித்திருக்கிறது. டயர் தேய்ந்துகொண்டு வருவது ஆறு மாதமாகவே கண்ணுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் உங்கள் ஆப்புக்கு ஒன்றாம் தேதியிலிருந்து முப்பதாம் தேதி வரைதான் உலகம். அதில் ‘சாப்பாடு, பெட்ரோல், வாடகை’ என்று போட்டால் மாதம் நாலாயிரம் மிஞ்சுகிற மாதிரி காட்டும். அந்த நாலாயிரத்தை நீங்கள் நம்பிவிடுகிறீர்கள். அப்புறம் ஆவணி வருகிறது.

டீயைக் குறை, பரோட்டாவை நிறுத்து என்று புத்தி சொல்கிறவர்களை விட்டுவிடுங்கள். இரண்டு டீயை நிறுத்தினால் மாதம் எண்ணூறு, தொள்ளாயிரம் மிஞ்சும், கூடவே மூஞ்சி செத்துப்போகும். உங்களைக் கவிழ்ப்பது டீ இல்லை. சம்பளம் மாதத்துக்கு ஒரு தடவை வருகிறது, பெரிய செலவுகள் வருஷத்துக்கு ஒரு தடவை வருகின்றன. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைத்தான் இப்போது கார்டு அடைத்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு வழி தேடி நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று நீங்கள் பைக்கில் தாண்டிப் போகிற ஊர்களில் இருக்கிற பெரிய வீடுகளுக்குள் இதே சிக்கலை எப்போதோ தீர்த்து வைத்திருக்கிறார்கள். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டில் வளவைச் (நடு முற்றப் பகுதியை) சுற்றி வரிசையாக அறைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அதில் ஓர் அறையைக் கொடுத்து, கொஞ்ச நாளில் ‘வேறு வைத்து’விடுவார்கள். கூரை ஒன்று, உலை வேறு. வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு சாமான், இவ்வளவு பணம் என்று அளந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குள் அந்த இளம் ஜோடி குடும்பம் நடத்த வேண்டும். கூடச் செலவழித்தால் அது அவர்கள் பேரில் பற்று, அதற்கு வட்டியும் உண்டு. இத்தனைக்கும் தாத்தாவுக்கு ரங்கூனிலும் பினாங்கிலும் கடை இருந்திருக்கும். இல்லாமையால் வந்த கட்டுப்பாடு இல்லை இது. புதுசாகக் குடும்பம் தொடங்குகிறவர்களுக்குக் கணக்குப் பழக்க வேண்டும் என்றே செய்தது.

அதில் கவனிக்க வேண்டியது அவர்கள் எடுத்துக்கொண்ட கால அளவு. மாதத்துக்கு அளக்கவில்லை, வருஷத்துக்கு அளந்தார்கள். நெல் தையில் வரும். புளி மாசி பங்குனியில். மிளகாய் வத்தலும் அதை ஒட்டித்தான். முற்றத்தில் காயவைத்து வருஷத்துக்கும் எடுத்து வைத்துவிடுவார்கள். ஐப்பசி மழையில் புளி இல்லையே என்று யாரும் முழிக்க மாட்டார்கள். நீங்கள் மாதச் சம்பளக்காரர், உங்களுக்குக் களஞ்சியம் கிடையாது. ஆனாலும் கணக்கை மட்டும் அவர்களைப்போல வருஷத்துக்குப் போடலாம்.

சரி, எப்படி? அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு பேப்பரில் தையிலிருந்து மார்கழி வரை எழுதிக்கொண்டு அம்மாவோடு உட்காருங்கள். மாதாமாதம் வராத செலவு எது எது, எந்த மாதம், எவ்வளவு. இதில் மற்றதெல்லாம் பத்து நிமிஷ வேலை. மொய்தான் நேரம் எடுக்கும், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் அக்காவுக்கு இரண்டு வருஷம் முன்னால் கல்யாணம் ஆனதாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது எழுதிய மொய் நோட்டு பீரோவுக்குள் இருக்கும். கம்ப்யூட்டர் மொய்யாக இருந்தால் பிரிண்ட் எடுத்து பைண்ட் போட்டே கொடுத்திருப்பார்கள். அதை எடுத்துப் பென்சிலோடு புரட்டுங்கள். ஊர், தகப்பனார் பெயர், பெயர், தொகை. ஒவ்வொரு பெயருக்கும் அம்மாவிடம் ஒரு சேதி இருக்கும். “இவுக மகளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்காக.” “இவுகளுக்குக் காதுகுத்துலயே திருப்பிச் செஞ்சாச்சு.” “இவுக ஆயிரம் எழுதுனவுக, நாம அதுக்குக் கொறையக் கூடாது.” இந்த வருஷத்துக்குள் வரும் என்று அம்மா சொல்கிற பெயருக்கு மட்டும் டிக் போடுங்கள். ஒரு மணி நேரத்தில் வருகிற வருஷத்தின் மொய்த்தொகை ஏறக்குறைய கையில் கிடைத்துவிடும். எந்த ஆப்பும் இதைச் சொல்லாது, உங்கள் அம்மா சொல்வார்.

மொய்யை அன்பளிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கும் வரை அது இஷ்டச் செலவு மாதிரித் தெரியும். நம் பக்கத்தில் அது வாங்கியதைத் திருப்பிக் கட்டுவது. ஆடி மாதம் புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து என்று தனியாகப் பந்தல் போட்டே வசூல் நடக்கிறதே, அங்கே யாரும் அதை அன்பளிப்பு என்று சொல்ல மாட்டார்கள். அதனால் அதைக் குறைக்கப் பார்க்காதீர்கள், கணக்கில் ஏற்றுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கல்யாணமாகாத பையன் சொந்தத்தில் தனி மொய் எழுத வேண்டியதில்லை, வீட்டுக்கு ஒரு மொய் போதும். உங்கள் வீட்டில் அப்பா ஐநூறு எழுதிய இடத்திலேயே, வேலைக்குப் போகிற பையன் என்ற கெத்துக்காக நீங்களும் ஐநூறு எழுதியிருக்கிறீர்களா என்று நோட்டைப் புரட்டும்போது கேட்டுப் பாருங்கள். இருந்தால் அதை மட்டும் நிறுத்தலாம். ஆபீஸ், காலேஜ் நண்பர்கள் என்று வருவது உங்கள் தனிக்கணக்கு.

இப்போது தொகை. நீங்கள் எழுதியதை வைத்தும், விடுபட்டதை நானாகச் சேர்த்தும் போடுகிறேன், உங்கள் நோட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். உறவில் 15 இடத்துக்கு ஐநூறு வீதம் 7,500, ஆபீஸ் நண்பர்கள் பத்துப் பேருக்கு 5,000, ரொம்ப நெருங்கிய இரண்டு இடத்துக்குச் சேர்த்து 2,500. ஆக மொய் 15,000. தீபாவளிக்கு வீட்டில் எல்லோருக்கும் துணி, பலகாரம், வெடி என்று 12,000. பொங்கலும் ஊர்த் திருவிழா வரியும் 5,000. இன்சூரன்ஸ் 21,000. பைக்குக்கு இன்சூரன்ஸ், இரண்டு சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்து 8,000. உங்கள் துணி, செருப்பு 6,000. மூன்று வருஷத்துக்கு ஒரு போன் 15,000 என்றால் வருஷத்துக்கு 5,000. நண்பர்களோடு கொடைக்கானலோ எங்கேயோ போய்வர 6,000. கூட்டினால் 78,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 6,500.

இந்த 6,500 ஏற்கனவே செலவாகிவிட்ட பணம். சம்பளம் வந்த அன்றே அதை ஒதுக்கிவிட்டால் உங்கள் சம்பளம் 28,000 இல்லை, 21,500 தான். இதை ஒப்புக்கொள்வதுதான் கசப்பான பகுதி. அதற்குப் பிறகு கணக்கு தானாக ஓடும். வீட்டுக்கு 6,000, வாடகை 3,500, சேமிப்பு 3,000, போன் ரீசார்ஜ், கரண்ட், தண்ணி கேன் 1,200. மீதி 7,800.

அந்த 7,800 ஐ மாதச் செலவுப் பணம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், வாரத்துக்குப் பிரியுங்கள். வருஷத்துக்கு 52 வாரம், வாரத்துக்கு 1,800. மாதத்துக்கு 7,800 என்று கையில் வைத்தால் பத்தாம் தேதி வரை ராஜா, அப்புறம் ஆண்டி. வாரத்துக்கு 1,800 என்றால் தப்பு செய்தாலும் அதிகபட்சம் நாலைந்து நாள் கஷ்டம். ஐந்தரை நாள் மெஸ் சாப்பாடு 1,100, பெட்ரோல் 300, டீயும் மற்றதும் 400. சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை அம்மா கைச் சாப்பாடு, திங்கட்கிழமைக்குப் புளியோதரையும் கட்டிக்கொண்டு வரலாம். வாரம் முழுக்கக் காரைக்குடியிலேயே இருந்தால் 1,800 இறுக்கமாகத்தான் இருக்கும், அதை மறைக்கவில்லை. அறையில் ஒரு குக்கர் வைத்துச் சோறு மட்டும் வடித்துக்கொண்டு குழம்பு, கூட்டை மெஸ்ஸில் வாங்கிக்கொண்டால் இராச் சாப்பாட்டில் பாதி மிஞ்சும். நண்பரும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

பாதிச் சம்பளம் தேவைக்கு, முப்பது சதவீதம் ஆசைக்கு, இருபது சதவீதம் சேமிப்புக்கு என்று ஒரு வாய்ப்பாடு எல்லா இடத்திலும் சுற்றுகிறது. 28,000 சம்பளத்தில் வீட்டுக்கும் கொடுக்கிற பையனுக்கு அது பொருந்தாது. அதில் அம்மாவுக்குக் கொடுக்கிற பணத்துக்கு இடமே இல்லை, மொய்க்கும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு, தான் ஏதோ தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள்.

பணத்தை எங்கே வைப்பது என்பது பட்டியலை விட முக்கியம். இப்போது உங்கள் சம்பளக் கணக்கிலேயே யுபிஐ இருக்கிறது. அதாவது இன்சூரன்ஸ் பணமும் பரோட்டாப் பணமும் ஒரே பையில். டீக்கடையில் ஸ்கேன் பண்ணும்போது பின்னால் 19,000 தெரிந்தால் யாருக்கும் கை தாராளமாகத்தான் இருக்கும். அதனால் மினிமம் பேலன்ஸ் கேட்காத இன்னொரு சேமிப்புக் கணக்கு திறந்து, யுபிஐயை அதற்கு மாற்றிவிடுங்கள். சம்பளக் கணக்கிலிருந்து யுபிஐயை எடுத்துவிடுங்கள், அதன் ஏடிஎம் கார்டை ஊரில் வீட்டிலேயே வையுங்கள். ஒவ்வொரு ஞாயிறு இரவும் சம்பளக் கணக்கிலிருந்து 1,800 புதுக் கணக்குக்குப் போக வேண்டும். நெட் பேங்கிங்கில் அதற்கு நிலையான உத்தரவு (ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன்) கொடுத்து வைத்துவிடலாம். பின் நம்பர் போடாமல் சின்னத் தொகை கட்டுகிற யுபிஐ லைட் வேண்டாம். அதில் ஒவ்வொரு செலவும் பாஸ்புக்கில் தனித்தனியாக ஏறாது, பணம் ஏற்றியது மட்டும்தான் ஏறும். கணக்குப் பழகுகிறவருக்கு அது கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி.

ஒரு வாரம் செலவு கூடிப் போய்விட்டால் சம்பளக் கணக்கைத் தொடாதீர்கள், அடுத்த வாரத்திலிருந்து எடுங்கள். எடுக்கும்போது பெரிய வீட்டு வழக்கப்படி வட்டியும் போடுங்கள். 200 கூடப் போனால் அடுத்த வாரம் 220 கழித்து, அந்த இருபதைச் சேமிப்பில் சேர்த்துவிடுங்கள். விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் கை கூசும்.

முதல் வருஷத்தில் ஒரு சிக்கல் உண்டு. வருஷ நிதி சேருவதற்கு முன்னாலேயே செலவு வந்து நிற்கும். அக்டோபரில் ஆரம்பித்தால் கையில் 6,500, தீபாவளிக்கு வேண்டியது 12,000. அங்கேயே கவிழ்ந்துவிடும். ஜூலையில் ஆரம்பித்தால் தப்பிக்கலாம். ஜூலை முதல் அக்டோபர் வரை நாலு தடவை போட்டால் 26,000. ஆவணி மொய் 3,500, தீபாவளி 12,000 போக 10,500 நிற்கும். நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று தடவை 19,500 சேர்ந்தால் 30,000. டயருக்கு 3,000, இன்சூரன்ஸுக்கு 21,000 போனால் மீதி 6,000. அதில்தான் பொங்கலும் தை முகூர்த்தங்களும். இழுபறிதான், இருந்தாலும் கார்டைத் தொடாமல் தை தாண்டிவிடும். அந்த ஒரு வருஷம் கொடைக்கானல் கிடையாது, போன் மாற்றுவது கிடையாது, தீபாவளித் துணியைத் தவிர வேறு துணி கிடையாது. ஜூலைக்குள் ஆரம்பிக்க முடியாவிட்டால் தீபாவளி போனஸை அப்படியே இதில் போடுங்கள். அதுவும் இல்லாவிட்டால் இன்சூரன்ஸைத் தவணையாகக் கட்ட வழி இருக்கிறதா என்று கம்பெனியிடம் கேளுங்கள். கொஞ்சம் கூட ஆகலாம், கார்டு வட்டியோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

கார்டுக்கு வருவோம். 18,000 பாக்கி. உங்கள் கார்டில் வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்றால் ஒரு மாத வட்டி 630, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 743. மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டியது, ஐந்து சதவீதம் என்றால் 900. நீங்கள் 900 கட்டினால் அசலில் குறைவது 157 ரூபாய். அதோடு பாக்கி நிற்கும் வரை புதிதாகத் தேய்க்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஐம்பது நாள் வட்டியில்லை என்று விளம்பரத்தில் சொல்வது முழுப் பாக்கியையும் கட்டுகிறவருக்குத்தான். வட்டிக்கடை வைத்தவர்களைக் கதையில் வில்லனாக்கி நாம் வளர்ந்திருக்கிறோம், ஆண்டுக்கு நாற்பது சதவீதத்துக்கு மேல் வாங்குகிற இதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிகிறோம்.

அதனால் சேமிப்பு என்று மேலே எழுதிய 3,000 முதலில் இங்கேதான் போக வேண்டும். இனிமேல் தேய்க்காமல் மாதம் 3,000 கட்டினால் ஏறக்குறைய ஏழு மாதத்தில் தீரும். கழுத்தில் செயினோ விரலில் மோதிரமோ இருந்தால் இன்னொரு வழி உண்டு. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைத்து 18,000 வாங்கிக் கார்டை ஒரேயடியாக முடித்துவிட்டு, நகைக் கடனை அதே 3,000 வீதம் அடையுங்கள். நகைக் கடன் வட்டி ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்றால் முதல் மாத வட்டி 150 தான் வரும். 743 எங்கே, 150 எங்கே. ஆனால் கார்டை முடித்த கையோடு அதன் வரம்பைக் குறைக்கச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் அடகும் இருக்கும், கார்டும் நிறைந்திருக்கும். எங்கள் ஆபீசுக்கு வருமான வரி தாக்கல் பண்ண வருகிற உங்கள் வயதுப் பையன்களிடம் இதை நிறையப் பார்க்கிறேன்.

தினசரி எழுதுவதைப் பற்றி. பழைய செட்டியார் கடைகளில் பையனைச் சேர்த்தால் முதலில் பெட்டியடியில் உட்கார வைப்பார்கள். அன்றாட வரவு செலவு குறிப்பில் ஏறும், பிறகு அதிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்கு (லெட்ஜருக்கு) போகும், கடைசியில் ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) எடுக்கும்போது இரண்டு பக்கமும் சரிக்கட்ட வேண்டும். உங்களுக்குப் பேரேடு தேவையில்லை, குறிப்பு போதும். இராத்திரி படுக்கும் முன் நாலைந்து வரி: மெஸ் 50, டீ இரண்டு 30, பெட்ரோல் 100, மத்தியானச் சாப்பாடு 90, அறை நண்பருக்குக் கொடுத்தது 40. அவ்வளவுதான். அடியில் கையிருப்பு. அது யுபிஐ கணக்கில் இருப்பதோடும் சட்டைப் பையில் இருப்பதோடும் சேர்த்து ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அன்றைக்கே தேடுங்கள், நாளைக்கு நினைவிருக்காது.

ஆப்புகள் உங்களைக் கைவிட்டதற்கு இங்கே ஒரு காரணம் இருக்கிறது. ஒவ்வொரு செலவையும் ஒரு வகையில் போடச் சொல்லும். நண்பனோடு பரோட்டா சாப்பிட்டது சாப்பாடா, பொழுதுபோக்கா? அம்மாவுக்கு மாத்திரை வாங்கியது மருத்துவமா, வீட்டுச் செலவா? இதை யோசித்தே அலுத்து, பத்தாவது நாள் விட்டுவிடுவோம். வகை பிரிப்பது கம்பெனிக்குத் தேவை. தனி ஆளுக்குத் தேவை, வாரத்துக்கு 1,800 க்குள் இருந்தோமா இல்லையா என்ற ஒரே பதில்.

கார்டு தீர்ந்ததும் அந்த 3,000 அவசர நிதிக்கு. வேலை போய்விட்டால் மூன்று மாதம் தள்ள என்ன வேண்டும் என்று பாருங்கள். வீட்டுக்கு, வாடகை, கரண்ட் வகையறா, வாரப் பணம் எல்லாம் சேர்ந்து மாதம் 18,500. மூன்று மாதத்துக்கு 55,500. ஒன்றரை வருஷத்துக்குச் சற்று மேலே ஆகும், ஆகட்டும். ஆனால் அது பணமாகவே இருக்க வேண்டும். திருப்பத்தூர் ரோட்டில் பிளாட், தவணையில் கட்டலாம் என்று யாராவது வருவார்கள். நிலம் ஏறும், யார் இல்லை என்றது? வேண்டிய அன்றைக்கு அது பணமாகாது. இதை இந்த மண்ணை விட அதிகமாக விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட இடம் கிடையாது. பர்மாவில் செட்டியார்கள் நெல் விவசாயிகளுக்கு நிலத்தின் பேரில் கடன் கொடுத்தவர்கள். அவர்களுக்கு வேண்டியது வட்டியும் அசலும், வயல் இல்லை. 1930 இல் நெல் விலை சரிந்ததும் கடன் திரும்பவில்லை, ஈடாக நிலம்தான் வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930 இல் சுமார் ஆறு சதவீத நிலம் அவர்கள் கையில் இருந்தது, 1937 இல் அது இருபத்தைந்து சதவீதம் ஆனது. காகிதத்தில் பெரும் சொத்து. வாங்க ஆளில்லை. 1942 இல் ஜப்பான் படை வந்தபோது அவ்வளவையும் விட்டுவிட்டு வந்தார்கள். உங்கள் 55,500 க்கு இது பெரிய கதைதான், இருந்தாலும் தொல்லை ஒரே ஜாதி. வங்கி வைப்புத்தொகையில் போடுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது, வேண்டும்போது அரை மணியில் உடைக்கலாம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெருச் சீட்டு, தீபாவளிச் சீட்டு இரண்டும் வேண்டாம். மாதம் ஆயிரம் போட்டுத் தீபாவளிக்கு வாங்குகிற வேலையை உங்கள் வருஷக் கணக்கே செய்துவிடும், ஓடிப்போகவும் போகாது. பதிவு செய்த சீட்டு நிறுவனம் என்றால் சட்டப்படி நடத்துநர் கமிஷன் ஏழு சதவீதம் வரை போகலாம் என்பதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். நகைக்கடையில் 11 மாதத் திட்டம் அக்கா பிள்ளைக்குச் சீர் செய்ய வேண்டும் என்றால் சரி, சேமிப்பு என்றால் சரியில்லை. செய்கூலி, சேதாரம், மூன்று சதவீத ஜிஎஸ்டி எல்லாம் விற்கும்போது திரும்பி வராது. மார்ச் மாதம் சொந்தக்காரர் ஒருவர் பாலிசி எடுத்தால் வரி மிச்சம் என்று வருவார். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை. சம்பளக்காரர்களுக்கு நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) 75,000 தனி. உங்கள் சம்பளத்துக்கு மிச்சம் பிடிக்க வரியே இல்லை என்று காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். வேலை மாறினால் பிஎஃப்பை எடுக்காமல் புது இடத்துக்கு மாற்றுங்கள்.

வீட்டுக்குக் கொடுக்கிற 6,000 ஐக் குறைக்கலாமா என்று கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தீர்கள். குறைக்காதீர்கள். ஆனால் அம்மாவிடம் இந்தப் பட்டியலை முழுசாகக் காட்டுங்கள். 28,000 வாங்குகிற பையன் கையில் வாரத்துக்கு 1,800 தான் என்று பல வீடுகளில் தெரியாது. தெரிந்தால் தீபாவளிக்கு யாருக்கு என்ன எடுப்பது என்பதில் அவர்களே பாதியைக் குறைத்துவிடுவார்கள்.

எந்த ஆப் நல்லது என்ற கேள்விக்கு, நாற்பது பக்க நோட்டு என்பேன். போனில்தான் எழுத வரும் என்றால் சாதாரண நோட்ஸ் போதும். பட்ஜெட் போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நடுவில் ‘உடனடிக் கடன்’ நீட்டுகிற ஆப்பை அன்றே அழித்துவிடுங்கள். அதிலும் கான்டாக்ட், போட்டோ எல்லாம் பார்க்க அனுமதி கேட்டால் யோசிக்கவே வேண்டாம், கடன் ஆப்புகள் அதைக் கேட்கவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 லேயே சொல்லிவிட்டது.

ஏப்ரலில் சம்பளம் இரண்டாயிரம் கூடினால் அம்மாவுக்கு ஐநூறு, வருஷக் கணக்குக்கு ஐநூறு, சேமிப்புக்கு ஆயிரம். வாரப் பணத்தை மெஸ்காரர் விலை ஏற்றினால் மட்டும் ஏற்றுங்கள்.